94 நாட்களும் வீணா, டாக்டர்?

இந்த முறை பதிலுக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அக்காவின் கடிதம். ஏழு தாள், இருபுறமும் நெருக்கி எழுதியது. பெயர், ஊர், வேலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

தம்பிக்கு வயது 27. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் தோள்பட்டை முறிந்தது. வலிக்குக் கொடுத்த, ஹெராயினைப் போலவே அபின் வகையைச் சேர்ந்த (ஓபியாய்டு) மாத்திரையில் தொடங்கி, அது கிடைக்காமல் போனபோது ஹெராயினுக்கு மாறியிருக்கிறார். முதலில் புகை, கடைசி எட்டு மாதம் ஊசி. அம்மாவின் சங்கிலி, அக்காவின் சேமிப்பு, கையிலிருந்த வேலை எல்லாம் அதோடு போயின. பிறகு யாரும் வற்புறுத்தாமல் அவரே மருத்துவமனையில் சேர்ந்தார். நான்கு வாரம் கழித்து, ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்க நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரையோடு வீடு திரும்பினார். சேர்ந்த நாளிலிருந்து அக்கா காலண்டரில் சிவப்பு மையால் எண் போட்டுக்கொண்டே வந்தார். 1, 2, 3 என்று.

எழுபதாவது நாளையொட்டி அம்மா ஆட்சேபித்தார். ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே என்றார். மாத்திரை பாதியானது, மூன்றே நாளில் நின்றது. 94ஆம் நாள் இரவு தம்பி மீண்டும் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் காலை அவராகவே வந்து அக்காவிடம் சொன்னார். அக்கா காலண்டரை இறக்கி, அத்தனை எண்களையும் குறுக்கே அடித்துவிட்டார்.

இப்போது அம்மா அவரை வீட்டை விட்டு அனுப்பச் சொல்கிறார். மாமா, கதவைப் பூட்டிவைக்கும் ஒரு மையத்தில் ஒரு வருடம் போடலாம் என்கிறார். தம்பி மாத்திரையை மறுபடி தொடங்கலாமா என்று கேட்கிறார். அக்காவின் கேள்விகள் நான்கு: 94 நாட்களும் வீணா? அந்த மாத்திரை இன்னொரு போதைதானா? சம்மதம் இல்லாமல் ஒருவரை மையத்தில் சேர்க்கலாமா? இனி அவனை எப்படி நம்புவது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாக எழுதாத, ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு வரி. “அன்று இரவு வழக்கத்தைவிடப் பெரிதாகக் குறட்டை விட்டான். இத்தனை நாளில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்து, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.”

இந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைச் சற்று நேரம் மேசையில் வைத்துவிட்டேன். அது நிம்மதியான தூக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் ஹெராயின் எடுத்த ஒருவரிடமிருந்து வழக்கத்துக்கு மாறாக, கனமாக, தொண்டையில் நீர் கொப்பளிப்பதுபோல் வரும் குறட்டை பெரும்பாலும் தூக்கத்தின் ஓசையாக இருக்காது. நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து, மூச்சுப்பாதை பாதி அடைபட்டு, காற்று திணறிப் போய்வருகிற ஓசை அது. அளவு மீறிய மருந்தால் இறந்துபோனவர்களின் வீட்டார் பலர் பிறகு சொல்வது இதைத்தான்: நல்ல குறட்டை கேட்டது, தூங்குகிறான் என்று விட்டுவிட்டோம். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மருத்துவ மாணவர்களுக்கே இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பி மறுநாள் காலை கண்விழித்தார். அது அவருடைய அதிர்ஷ்டம். அடுத்த முறையும் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம் என்பதால் இதை முதலில் வைத்தேன்.

ஏன் 94ஆம் நாள் அவ்வளவு ஆபத்தானது?

உங்கள் கடிதம் முழுவதும் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. நாள் ஏற ஏற ஆபத்து குறையும் என்பது அது. மனம், வேலை, உறவு ஆகியவற்றைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் மூச்சைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ்.

தினமும் ஹெராயின் எடுக்கும் உடல் அதைத் தாங்கப் பழகிவிடுகிறது. புதிதாக எடுப்பவரைக் கொன்றுவிடும் அளவு, பழகியவருக்கு வெறும் நடுக்கத்தை நிறுத்தும் அளவாகிவிடும். இதைத் தாங்குதிறன் என்கிறோம். நிறுத்திய சில நாட்களிலேயே இந்தத் தாங்குதிறன் இறங்கத் தொடங்கிவிடும். சில வாரங்களில் பெருமளவு போய்விடும். ஆனால் கைக்கு நினைவிருப்பது பழைய அளவு. கை பழையதை எடுக்கிறது, மூச்சுக்கு அது புதிது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில், அளவு மீறிய போதைமருந்தால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 129 மடங்கு இருந்தது. உள்ளே கிடைக்காமல் இருந்ததே வெளியே வந்ததும் எமனாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் இதுவும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் நண்பன் வீட்டில் போட்டுக்கொண்டவர், இந்த முறை உங்கள் வீட்டுக் குளியலறையில் போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். கனடாவில் ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியல் ஆய்வாளர் 1982இல் எலிகளுக்கு ஹெராயின் பழக்கினார். பிறகு எல்லா எலிகளுக்கும் ஒரே பெரிய அளவு கொடுத்தார். வழக்கமாக மருந்து பெற்ற அறையில் அதைப் பெற்றவற்றில் 32 சதவீதம் இறந்தன. அதே அளவு பழகிய எலிகள்தான், ஆனால் ஹெராயின் பெற்றிராத வேறோர் அறை என்றால் 64 சதவீதம் இறந்தன. பழக்கமே இல்லாதவற்றில் 96 சதவீதம். பழகிய இடத்தைக் கண்டதும் உடல் முன்கூட்டியே தன்னைத் தயார்செய்துகொள்கிறது. புதிய இடத்தில் அந்தத் தயாரிப்பு நடப்பதில்லை. குறைந்த தாங்குதிறன், பழைய அளவு, புதிய இடம், தாழிட்ட கதவு, தனிமை. உங்கள் தம்பிக்கு அன்று இரவு இந்த ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

ஆகவே முதல் வேலையாக நலாக்சோன் வாங்கி வீட்டில் வையுங்கள். மூக்கில் பீய்ச்சுவதாகவும் கிடைக்கிறது, ஊசியாகவும் கிடைக்கிறது. கிடைக்கும் விதிமுறை நாட்டுக்கு நாடு மாறும். சிகிச்சை தந்த மருத்துவரிடமே கேளுங்கள். மூளையில் ஓபியாய்டு உட்கார்ந்திருக்கும் இடங்களிலிருந்து அதைத் தள்ளிவிட்டு மூச்சை மீட்டுத் தரும் மருந்து இது. உடலில் ஓபியாய்டு இல்லாதவருக்குத் தவறிப்போய்க் கொடுத்தாலும் கேடில்லை. எப்போது கொடுப்பது? உரக்கக் கூப்பிட்டு, மார்பு எலும்பில் முஷ்டியால் அழுத்தித் தேய்த்தும் எழவில்லை என்றால். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தால். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தால். மூச்சு ஐந்து விநாடிக்கு ஒன்றுகூட வரவில்லை என்றால். எல்லா அடையாளங்களும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எழுப்பியும் எழாமல், மூச்சும் மந்தமாக இருந்தாலே போதும்.

உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், மருந்தைக் கொடுங்கள், மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு ஊதுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் அடுத்த டோஸ். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தாலும் தொண்டையை அடைக்காது. எழுந்து உட்கார்ந்துவிட்டார், இனி ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று மட்டும் முடிவுசெய்துவிடாதீர்கள். நலாக்சோனின் வேலை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஹெராயின் அதற்குப் பிறகும் உடலில் இருக்கலாம், மூச்சு மறுபடி விழலாம். தண்ணீரை ஊற்றுவது, கன்னத்தில் அறைந்து நடக்க வைப்பது இதெல்லாம் வேண்டாம், நேரம்தான் போகும்.

இதை அம்மாவுக்கும் பழக்குங்கள். நீங்கள் இல்லாத நேரத்திலும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, தம்பிக்குத் தெரிந்தே செய்யுங்கள். நலாக்சோன் வீட்டில் இருந்தால் “தைரியமாக எடுப்பான்” என்று உங்கள் மாமா சொல்லக்கூடும். தீயணைப்புக் கருவி இருக்கிறதே என்று யாரும் வீட்டுக்குத் தீ வைப்பதில்லை.

மாத்திரை இன்னொரு போதையா?

உங்கள் அம்மாவின் கேள்வி நியாயமானது. என் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் ஏறக்குறைய அம்மாவின் கட்சியில்தான் இருந்தேன். மூன்று மாதத்துக்குள் மாத்திரையை நிறுத்திக் காட்டுவதைச் சாதனை என்று நினைத்தேன். அப்படி நிறுத்தி, கைகுலுக்கி அனுப்பிவைத்த ஓர் இளைஞரின் தந்தை பதினோராம் நாள் தொலைபேசியில் அழைத்தார். அதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

பியூப்ரெனார்ஃபினும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்ததுதான். அதை மறைக்க மாட்டேன். திடீரென நிறுத்தினால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். ஆனால் ஹெராயினோடு அதற்கு உள்ள வேறுபாட்டை அம்மா தெரிந்துகொள்ள வேண்டும். அது மூளையின் ஓபியாய்டு இருக்கைகளில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. துண்டு போட்டு இடம் பிடித்துவைப்பதைப்போல. அதற்குப் பிறகு ஹெராயின் வந்தாலும் உட்கார இடம் கிடைப்பதில்லை. உட்கார்ந்த மருந்து அந்த இருக்கையை அரைகுறையாகத்தான் தூண்டுகிறது. ஓரளவுக்குமேல் மாத்திரையைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் வேகம் அதற்கேற்பக் கூடுவதில்லை. தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு உடைந்துவிடும், அதனால் அவை இரண்டையும் அண்டவிடக் கூடாது. ஹெராயின் சில மணி நேரத்தில் ஏறி இறங்கி, அடுத்ததைத் தேடி ஓட வைக்கும். இது ஒருநாள் முழுக்கச் சமமாக நிற்கும். ஓட்டம் நின்ற நேரத்தில்தான் ஒருவர் வேலை தேடுவார், அக்காவின் குழந்தையோடு விளையாடுவார், தான் செய்ததை எண்ணிப் பார்ப்பார்.

உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருப்பது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் நிறுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் விட்டு அதையே தேடுவது அடிமைத்தனம். கடிதத்தின் முதல் மூன்று பக்கங்களில் அது இருக்கிறது. மாத்திரை எடுத்த எழுபது நாட்களில் ஏதாவது காணாமல் போனதா? பொய் சொன்னாரா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “பழைய தம்பி திரும்பி வந்தாற்போல் இருந்தது.” பிறகு மாத்திரை நின்றது. மூன்று வாரத்தில் ஊசி வந்தது. இவை இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2003இல் ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வை அம்மாவிடம் சொல்லலாம். ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். எல்லோருக்கும் தீவிரமான கவுன்சலிங் உண்டு. பாதிப் பேருக்கு பியூப்ரெனார்ஃபின் ஓராண்டு தொடர்ந்தது. மீதிப் பாதிக்கு ஆறு நாளில் அதைக் குறைத்து நிறுத்தி, அதன்பின் மருந்தில்லாத போலி மாத்திரை. ஓராண்டு முடிவில் முதல் குழுவில் நான்கில் மூன்று பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாம் குழுவில் ஒருவர்கூட இல்லை. அந்த இருபது பேரில் நால்வர் இறந்திருந்தார்கள். கவுன்சலிங் இருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2005இலிருந்து பியூப்ரெனார்ஃபினையும், இதே சிகிச்சைக்குத் தரும் மெதடோன் என்ற மருந்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை.

எத்தனை காலம்? காலக்கெடு வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் என் பதில். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் உண்டு, அதனால் ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. நிறுத்துவதானால் வேலை, தூக்கம், நட்பு எல்லாம் காலூன்றிய பிறகு, அவர் விரும்பி, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். மூன்று நாளில் பாதியாக்கி நிறுத்துவது யாருடைய மருத்துவமும் இல்லை.

இப்போது ஓர் எச்சரிக்கை. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை அவர் தானாகவே பழைய அளவில் தொடங்கக் கூடாது. இடையில் தாங்குதிறன் இறங்கியிருக்கிறது, நடுவில் ஹெராயினும் போயிருக்கிறது. ஹெராயின் உடலில் இருக்கும்போதே இந்த மாத்திரையைப் போட்டால், அது ஹெராயினைத் தள்ளிவிட்டு உட்காரும் வேகத்தில் மருந்து திடீரென நின்றால் வரும் உடல்வலி, வயிற்றுப்போக்கு போன்ற விலகல் அறிகுறிகள் ஒரே மணி நேரத்தில் கடுமையாக வந்துவிடும். அந்த அனுபவத்துக்குப் பிறகு மாத்திரையைத் தொடவே அஞ்சுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த அளவில், எப்போது தொடங்குவது என்பதைப் பழைய மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். இந்த வாரமே போகட்டும்.

சரி, 94 நாட்கள்

ரத்த அழுத்தம் உள்ள ஒருவர் மாத்திரையை நிறுத்தி, அழுத்தம் ஏறி, மருத்துவமனைக்கு வந்தால், இத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டது வீண் என்று யாரும் சொல்வதில்லை. மாத்திரையைத் தொடரச் சொல்கிறோம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை, போதை நோயில் சிகிச்சைக்குப் பின் மீண்டும் சறுக்குவோர் 40 முதல் 60 சதவீதம் என்றும், ரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றில் அறிகுறிகள் திரும்புவோர் 50 முதல் 70 சதவீதம் என்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. நாள்பட்ட நோய்கள் எல்லாம் இப்படித்தான். ஒன்றுக்கு மட்டும் கேவலம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த 94 நாட்களில் என்ன நடந்தது என்று உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்துச் சொல்கிறேன். எது தூண்டுகிறது என்று அவருக்குத் தெரியவந்தது: சம்பள நாள், மழை நாளில் தோள்வலி, ஒரு குறிப்பிட்ட நண்பனின் அழைப்பு. நான்கு ஆண்டுகள் பொய் சொன்னவர், சறுக்கிய பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வாசலில் வந்து நின்று உண்மையைச் சொன்னார். எனக்கு இதுவே இந்தக் கடிதத்தின் பெரிய செய்தி. அதற்கு அவர் கண்ட பலன், கண் முன்னால் எண்கள் அடிபட்டது. அடுத்த முறை சொல்லத் தயங்குவார். காலண்டர் உங்களுடையது, அதில் என்ன எழுதுவது என்பது உங்கள் விருப்பம். அவர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் அது வேண்டாம்.

ஒரு சின்ன வரியை வேறு அலட்சியமாகத் தாண்டியிருக்கிறீர்கள். “தோள் இன்னும் வலிக்கிறது என்பான், சாக்கு என்று விட்டுவிடுவேன்.” இவை எல்லாவற்றுக்கும் தொடக்கமே அந்தத் தோள்தான். முறிந்த எலும்பு சரியாகக் கூடியிருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? எலும்பு மருத்துவரிடமும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் காட்டுங்கள், போதை வரலாற்றை மறைக்காமல் சொல்லி. பியூப்ரெனார்ஃபினே வலி நிவாரணிதான். ஒருநாள் அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் வலிக்கும் கைகொடுக்கும். மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். ஊசி போட்டவர் என்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் வேண்டும். ஹெபடைடிஸ் சி இப்போது இரண்டு மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் முற்றாகக் குணமாகிறது.

பூட்டிவைக்கலாமா?

உங்கள் தம்பி வயதுவந்தவர். தனக்கு என்ன சிகிச்சை என்பதை முடிவுசெய்யும் உரிமை அவருடையது. உயிருக்கு உடனடி ஆபத்து, தற்கொலை எண்ணம், நினைவு தடுமாறிய நிலை போன்ற நேரங்களில் சம்மதமின்றி அனுமதிக்கச் சட்டங்கள் இடம் தருகின்றன. அதற்கான நடைமுறை ஒவ்வொரு நாட்டிலும் வேறு. அப்போதும் சேர்க்க வேண்டிய இடம் மருத்துவமனை. குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் ஆளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 2012இல் ஐக்கிய நாடுகள் சபையின் 12 அமைப்புகள் கூட்டாக, கட்டாயத் தடுப்பு மையங்களை மூடச் சொல்லி நாடுகளைக் கேட்டுக்கொண்டன. அங்கே வன்முறையும் கட்டாய உழைப்பும் சிகிச்சை என்ற பெயரில் நடப்பதை அறிந்தே அவை அப்படிச் சொல்லின.

உரிமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பலனை மட்டும் பாருங்கள். ஒரு வருடம் மருந்தில்லாமல் பூட்டிவைத்தால் ஒரு வருடம் ஹெராயின் இருக்காது, சரி. தாங்குதிறனும் அடியோடு போயிருக்கும். கதவு திறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். மேலே சொன்ன சிறைக்கணக்கு அந்த நாளுக்கானது. அதோடு, பூட்டுவது வர மறுப்பவருக்காக மாமா சொல்லும் வழி. உங்கள் தம்பி சிகிச்சை கேட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அவரே விரும்பித் தங்கிச் சிகிச்சை பெறுவதானால் அது வேறு. அப்போது மையத்தில் கேளுங்கள்: மருத்துவர் தினமும் இருக்கிறாரா? பியூப்ரெனார்ஃபின் தொடருமா? சொல்லாமல் வந்து பார்க்கலாமா? வேண்டாம் என்றால் அவர் எழுந்து வரலாமா? வீடு திரும்பும் நாளுக்கு என்ன திட்டம்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

வீட்டை விட்டு அனுப்புவது பற்றி: அடித்தாலோ மிரட்டினாலோ, பிரிந்திருக்க உங்கள் அம்மாவுக்கு முழு உரிமை உண்டு. கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. “அடிமட்டத்தைத் தொட்டால்தான் திருந்துவான்” என்பது அம்மாவின் வாதமாக இருந்தால், ஹெராயினில் அடிமட்டம் என்பது பல நேரம் ஆறடிக் குழி என்பதை மட்டும் சொல்லுங்கள்.

எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம். அதாவது, இப்போதே நம்பிவிட வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்க வேண்டாம். ஏமாந்தவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் சந்தேகத்தை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பது வேறு விஷயம். அவருடைய தொலைபேசியைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறீர்கள். சிறுநீர்ச் சோதனை அட்டை வாங்கிவந்து குளியலறை வாசலில் நிற்கிறீர்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் அட்டையில் ஒன்றும் காட்டவில்லையே, மாத்திரையை விற்கிறானோ என்று வேறு சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். சாதாரண அட்டை மார்ஃபின் வகையைத்தான் காட்டும், பியூப்ரெனார்ஃபினுக்குத் தனி அட்டை வேண்டும். நடக்காத திருட்டுக்கு ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

சோதனையை மருத்துவமனையிடம் விட்டுவிடுங்கள். முடிவைச் சொல்ல மறுத்த மருத்துவர்மேல் உங்களுக்குக் கோபம். அவர் செய்தது சரி. நோயாளி சம்மதிக்காமல் அக்காவிடம்கூடச் சொல்லக் கூடாது. சொல்லிவிடுவார் என்று தெரிந்தால் தம்பி அவரிடமும் பொய் சொல்லத் தொடங்குவார். அதற்குப் பதில் தம்பியிடமே கேளுங்கள். மாதம் ஒருமுறை மருத்துவர், தம்பி, நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேச ஒப்புக்கொண்டால் எழுத்தில் சம்மதம் தரட்டும்.

வீட்டில் இரண்டு மூன்று ஒப்பந்தம் போதும். காலையில் அம்மாவின் எதிரில் மாத்திரையை வைத்துக்கொள்வது ஒன்று. கரைய ஐந்து பத்து நிமிடமாகும், அதுவரை பேசவோ விழுங்கவோ கூடாது. கரைந்ததும் தண்ணீரில் நன்றாக வாய் கொப்பளிக்கட்டும், பல் துலக்குவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடட்டும். இந்த மருந்தால் பல் கெடுவதாக 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிடம் காவல் காப்பதாக இல்லாமல், சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக இருந்தால் நல்லது. இரண்டாவது, சம்பளம் அவர் கையில் ரொக்கமாக வராமல் வங்கிக்குப் போவது. அவரே ஒப்புக்கொண்டால் மட்டும். பழைய கடன்காரர்கள் வந்து நின்றால் நீங்கள் கடனாளி இல்லை என்பதும் அதில் அடக்கம். மூன்றாவது பலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். ஆசை மீறி வந்தால் என்னை எழுப்பு, எந்த நேரமானாலும், திட்டமாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உண்மையிலேயே திட்டாமல் இருங்கள். அது கடினம் என்று தெரியும்.

இரவில் அவர் அறை வாசலில் பாய் விரித்துப் படுத்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணி நேரத் தூக்கத்தில் ஒருவர் எத்தனை மாதம் ஓடுவார்? மாத்திரை மறுபடி நிலைபெறும் வரை அம்மாவும் நீங்களும் முறை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உங்கள் அறைக்குப் போங்கள். குடும்பத்தாருக்கென்றே நார்-அனான் போன்ற குழுக்கள் இருக்கின்றன, ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தம்பியும் தன்னைப் போன்றவர்களின் குழுவுக்குப் போகலாம். ஆனால் சில கூட்டங்களில் மாத்திரை எடுப்பவரை மீண்டவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படி யாராவது முகம் சுளித்தால் கூட்டத்தை மாற்றட்டும், மாத்திரையை விட வேண்டாம்.

கடிதத்தின் ஓரத்தில், சமையலறை இழுப்பறையில் பழைய மாத்திரை பதினொன்று மிச்சமிருப்பதாகவும் என்ன செய்வதென்றும் கேட்டிருக்கிறீர்கள். வேறொரு பக்கத்தில் உங்கள் மகளுக்கு நான்கு வயது என்று இருக்கிறது. பெரியவர்களுக்குச் சாதுவான இந்த மாத்திரை, சிறு குழந்தை வாயில் ஒன்றே ஒன்று கரைந்தாலும் மூச்சை நிறுத்தக்கூடும். படித்து முடித்ததும் எழுந்து போய் அந்தப் பதினொன்றையும் எடுத்து, பூட்டுப் போட்ட ஒரு பெட்டியில், அவளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துச் சென்று ஒப்படைத்துவிடுங்கள். புதிதாக வரும் மாத்திரைக்கும் அதே பெட்டிதான்.